பனிப் பள்ளத்துக் கன்றுகள்

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு முட்டிவலியில்தான் ஆரம்பிக்கிறது. சர்க்கரை, கண்புரை, மருமகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். உங்கள் முட்டி எதனால் தேய்ந்ததோ எனக்குத் தெரியாது. என் முட்டி மண்ணில் மண்டியிட்டுத் தேய்ந்தது. முதன்முதலாக மண்டியிட்டபோது எனக்குப் பத்து வயது. அந்த ஒரு பருவத்தைத்தான் சொல்லப்போகிறேன். நடுவில் அங்கே இங்கே போய் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நமக்கென்ன, பஸ்ஸா போய்விடும்?

அந்த வருஷம் ஐப்பசிக் கடைசியில் எங்கள் எஸ்டேட் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா பிள்ளை பெறுவதற்காகத் தாய்வீடு போய்விட்டார். பள்ளிக்கூடத்துக்கு அவர் ஒருவர்தான். அதனால் தை முடியும்வரை பூட்டு. பிறந்த குழந்தை ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. எதுவானாலும் நன்றாக இருக்கட்டும், எனக்கு மூன்று மாதம் லீவு வாங்கிக் கொடுத்த புண்ணியம் அதற்கு உண்டு.

எஸ்டேட் ஜெகதளா என்ற மலைக் கிராமத்துக்கு மேலே, நடந்தே ஏறுகிற தூரத்தில் இருந்தது. நாங்கள் குடியிருந்த லைனில் வரிசையாக இருபது வீடுகள். அப்பா ஃபேக்டரியில் அடுப்புக்கு விறகு போடுகிறவர். தேயிலையைக் காயவைக்கிற சூடு அந்த அடுப்பிலிருந்துதான் வரும். அம்மாவுக்கு நாற்றங்காலில் வேலை. ஒரு பக்கம் தேயிலை நாற்று, இன்னொரு பக்கம் ஃபேக்டரி விறகுக்காக நடப்போகும் கற்பூர மரக் கன்றுகள். யூகலிப்டஸ் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். எங்களுக்கு அது கப்பூர மரம்தான்.

கப்பூர விதையைப் பார்த்திருக்கிறீர்களா? மூக்குப்பொடி மாதிரி இருக்கும். பக்கத்தில் நின்று யாராவது தும்மினால் அரை ஏக்கர் காடு பறந்துவிடும். அதனால் மணலோடு கலந்துதான் பாத்தியில் தூவுவார்கள். முளைத்து விரல் நீளம் வந்ததும் பிடுங்கி, மண் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் ஊன்றுவார்கள். பையில் மண் நிரப்புவதுதான் எனக்குக் கிடைத்த வேலை. செம்மண், மணல், மக்கின சாணம் மூன்றையும் சல்லடையில் சலித்துக் கலந்து, மண்டியிட்டு உட்கார்ந்து, பையை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு நிரப்ப வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் கப்பூர வாசனை போகாது. தயிர்சாதம் சாப்பிட்டால் தைலம் தடவிய தயிர்சாதமாக இருக்கும். அதையும் ருசித்துத்தான் சாப்பிட்டேன்.

இனி தண்ணீருக்கு வருகிறேன். லைனுக்கு மேலே ஒரு பள்ளம் இருந்தது. வருஷம் முழுக்கச் சொதசொதவென்று கிடக்கும். அதன் மேல் விளிம்பில் மலையில் தானாக முளைக்கிற சோலை மரங்கள் பத்திருபது, உடம்பெல்லாம் பாசியோடு, கட்டையாகவும் கோணலாகவும் நிற்கும். அந்தப் பள்ளத்தில் ஊறுகிற தண்ணீர் ஓர் இரும்புக் குழாய் வழியாக வந்து எங்கள் வாசலில் விழும். சித்திரையிலும் நிற்காது. கீழ் லைன் பெண்கள் கோடையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு இறங்கி ஏறும் நேரத்தில், எங்கள் லைன் பெண்கள் வெயிலில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருப்பார்கள். அந்தத் திமிர் எங்களுக்கு நிறையவே இருந்தது.

அந்த வருஷம் மேனேஜராகப் புதிதாக வந்த தொரை பள்ளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஈரமுள்ள இடம் சும்மா கிடக்கிறதே என்றார். நானூறு கப்பூரக் கன்று நட வேண்டும் என்று உத்தரவு போட்டார். நான் அப்போது பக்கத்தில், ஈரத்தில் விசிறி மாதிரி வளர்கிற பெரணித் தழை அறுத்துக்கொண்டிருந்தேன். கூட வந்த சூப்பர்வைசர் ஐயா ஏதோ இங்கிலீஷில் சொன்னார். தொரை கையை வீசி மறுத்தார். ஐயா மறுபடி ஏதோ சொன்னார். தொரை திரும்பி நடந்துவிட்டார். ஐயா குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். பெரிய அதட்டல்காரர் தொரை முன்னால் எப்படிக் குழைகிறார் பார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அவர் அதட்டல்காரர்தான், அதில் பொய்யில்லை. நட்ட கன்றை இரண்டு விரலால் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பார். கையோடு வந்துவிட்டால் நட்டவளுக்கு அன்றைக்கு அர்ச்சனைதான். நாங்கள் பிள்ளைகள் அவருக்கு ‘இழுப்பு ஐயா’ என்று பெயர் வைத்திருந்தோம். முந்தின வருஷம் ஒரு குடும்பம் கன்றுகளை நடாமல் புதருக்குள் வீசிவிட்டதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அந்தக் குடும்பத்துக்கு வேலை போனது. லைன் வீடு வேலையோடு சேர்ந்தது என்பதால் அதே வாரத்தில் வீடும் போனது. சட்டி பானையோடு அவர்கள் ரோட்டில் நின்றது எங்கள் எல்லோருக்கும் கண்ணில் இருந்தது.

பள்ளத்தில் நடப்போகிறார்கள் என்றதும் லைனில் யாருக்கும் வருத்தமில்லை. மாடு சிக்குகிற சேறு, அட்டைக்காடு, ஒழியட்டும் என்றார்கள். பக்கத்து வீட்டு சிலோன் அத்தைக்கு மட்டும் முகம் மாறிவிட்டது. அத்தை என்றால் உறவு அத்தை இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிலோனிலிருந்து கப்பலில் வந்து எங்கள் எஸ்டேட்டில் சேர்ந்தவள். எங்கள் தண்ணீர்க் குழாயை அவள் பீலி என்றுதான் சொல்லுவாள்.

“அங்கிட்டு எங்க தோட்டத்துலயும் பீலிக்கு மேல இந்த மரத்தத்தான் வச்சாங்க புள்ள. ஏழு வருசத்துல பீலி காஞ்சு போச்சு. பொறகு ஒரு குடம் தண்ணிக்கு ரெண்டு கட்ட, ரெண்டு மைலு, நடந்தோம்,” என்று குழாயடியில் சொன்னாள்.

“வந்த எடத்துலயும் இப்புடி வாய வெக்காதீங்க,” என்று ஒருத்தி வெடுக்கென்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கினாள்.

வீட்டில் அம்மா இதை எடுத்தபோது அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். “விறகு இல்லாட்டி ஃபேக்டரி எப்புடி ஓடும்? ஃபேக்டரி ஓடாட்டி தண்ணிய வெச்சுட்டு என்ன பண்றது?”

அம்மா எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அம்மா பதிலுக்குப் பதில் பேசினால் எங்களுக்குக் கவலையில்லை. பேசாமல் இருந்தால்தான் பயம்.

கார்த்திகைக் கடைசி மழையில் நடவு ஆரம்பித்தது. பள்ளத்தில் இறங்க யாரும் தயாராக இல்லை. குளிர்ந்த சேறு கெண்டைக்கால்வரை ஏறும், அட்டை சேலைக்குள் புகுந்துவிடும். அம்மாவும் சிலோன் அத்தையும் தாங்களாகவே முன்வந்தார்கள்.

“ஏனுங்கம்மா, ரெண்டு பேராவா நானூறு கன்னு?” என்று ஐயா கேட்டார்.

“நாலு நாள்ல முடிச்சுருவோமுங்க,” என்றாள் அம்மா.

மற்ற பெண்கள் இருவரையும் மகராசிகள் என்று கும்பிடாத குறைதான். நானும் அட்டை ஏறாமலிருக்கக் காலில் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு கூடப் போனேன். கிழித்த பைகளைப் பத்துப் பத்தாகக் கட்டிவைப்பது என் வேலை. பையோடு நட்டுவிடவில்லை என்பதற்கு அந்தக் கட்டுகள்தான் சாட்சி, சாயங்காலம் ஐயாவிடம் ஒப்படைக்க வேண்டும்.

கன்று நடுவது எப்படி என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். பையைக் கிழித்து, மண் உதிராமல் அப்படியே குழியில் இறக்கி, சுற்றிலும் மிதித்துவிட வேண்டும். அம்மா அப்படிச் செய்யவில்லை. மண்ணை உதறினாள். வெள்ளை வெள்ளையாகத் தொங்கிய வேரைக் கட்டைவிரல் நகத்தால் அடியோடு கிள்ளி, சேற்றுக்குள் புதைத்தாள். பிறகு வெறும் குச்சியைக் குழியில் நட்டாள். அத்தையும் அப்படியே.

“ஏம்மா கிள்றே?” என்று கேட்டேன்.

“வேரு சுருண்டு கெடக்குது கண்ணு. கிள்ளி நட்டாத்தான் நல்லா வரும்.”

அம்மா சொன்னால் சரி. எங்கள் அம்மாவுக்குத்தான் எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை.

மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு பேரும் சோலை மரத்தடிக்குச் சாப்பிடப் போனார்கள். நான் கடைசிக் கட்டைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஐயா தனியாக வந்தார். குனிந்து ஒரு கன்றை இழுத்தார். வந்துவிட்டது. அடியைத் திருப்பிப் பார்த்தார். அடுத்ததை இழுத்தார். அதுவும் வந்தது. அம்மாவுக்கு அர்ச்சனை விழப்போகிறதே என்று எனக்குப் பதறியது. ஓடிப் போய் முன்னால் நின்றேன்.

“ஐயா, அது தப்பா நட்டதில்லீங்க. எங்கம்மா வேரைக் கிள்ளித்தான் நடும். அப்பத்தான் நல்லா வருமுங்களாமா.”

“அப்புடியா கண்ணு? எவ்வளவு நீளம் கிள்ளும்?”

நான் விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை காட்டினேன்.

“எல்லாக் கன்னுமா?”

“எல்லாமுங்க. சிலோன் அத்தையுந்தானுங்க.”

ஒரே மூச்சில் இரண்டு குடும்பத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். எனக்கு அது தெரியாது. நன்றாகப் பதில் சொன்னதாக நினைத்துக்கொண்டு நின்றேன்.

ஐயா கையில் அந்த இரண்டு குச்சிகளோடு கீழே லைனைப் பார்த்தார். குழாயடியில் யாரோ குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள், அது வீறிடுவது மேலேவரை கேட்டது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு காக்கிக் கால்சட்டை சேறாவதையும் பார்க்காமல் மண்டியிட்டு, இரண்டையும் அதே குழிகளில் நட்டுக் கையாலேயே மண்ணை அழுத்தினார்.

“உங்கம்மா கெட்டிக்காரி. ஆனா இத வேற யாருகிட்டயும் சொல்லக்கூடாது. நாங் கேட்டேன்னு உங்கம்மாகிட்டக்கூடச் சொல்லக்கூடாது. எல்லாரும் கத்துக்கிட்டாங்கன்னா அப்புறம் உங்கம்மாளுக்கு என்ன மதிப்பு? என்ன?”

“சரிங்க.”

பெரிய மனிதர் ஒருவரோடு எனக்கும் ஒரு ரகசியம் உண்டு என்ற கர்வத்தில் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அதன் பிறகு அந்தப் பள்ளத்தில் அவர் ஒரு கன்றைக்கூட இழுத்துப் பார்க்கவில்லை.

மழையும் மூடுபனியும் இருந்ததால் வேரில்லாத குச்சிகள் மூன்று வாரம் பச்சையாகவே நின்றன. மார்கழி நடுவில் வானம் தெளிந்தது. அப்புறம் உறைபனி. காலையில் கதவைத் திறந்தால் புல்லெல்லாம் உப்பு. வாசலில் வாளித் தண்ணீர் மேல் கண்ணாடி மாதிரி ஏடு. நாங்கள் பிள்ளைகள் அதை உடைத்து வாயில் போட்டு, பல் கூசி, மறுபடி போடுவோம். அம்மா விடிந்ததும் விடியாததுமாக நாற்றங்காலுக்கு ஓடுவாள். பாத்தியில் படிந்த பனியை வெயில் படுவதற்குள் பூவாளித் தண்ணீரால் கழுவிவிட வேண்டும். பனியோடு வெயில் பட்டால் நாற்று வெந்தது போலக் கருகிவிடும். நட்ட கன்றுகளுக்கு அப்படிக் கழுவ முடியாது என்பதால், ஒவ்வொன்றுக்கும் பெரணித் தழையால் குல்லாய் போட்டு மூடுவோம். மேட்டில் நட்ட கன்றுகளுக்கெல்லாம் ஐயா முன்கூட்டியே பெரணி போடச் சொல்லிவிட்டார். பனி அதிகமாகத் தங்குகிற பள்ளத்துக்குச் சொல்லவில்லை.

பொங்கலுக்குள் நானூறும் கருகிவிட்டன. தொரை காலையில் வேலை பிரிக்கிற இடத்துக்கே வந்துவிட்டார். நூறு பேருக்கு மேல் நின்றிருந்தோம். பள்ளத்துக்கு ஏன் பெரணி போடவில்லை என்று கத்தினார்.

“தப்பு என்னோடதுங்க சார். சொல்ல மறந்துட்டேன்,” என்றார் ஐயா.

தொரை விடவில்லை. அத்தனை பேர் முன்னால், இருபது வருஷம் வேலை பார்த்த மனிதரை, நேற்றுச் சேர்ந்தவனைத் திட்டுவது போலத் திட்டினார். ஐயா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்களையெல்லாம் அதட்டியவர் அதட்டு வாங்குகிறார் என்று பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

ஒரே மாதத்தில் அவரைத் தேவாலாப் பக்கத்து எஸ்டேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே மழை என்றால் மழை, அப்படி மழை. மேல்மலைக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே போர்வையை இழுத்துக்கொள்வார்கள். எஸ்டேட் லாரியில் தையல் மெஷின், கோழிக்கூடு, மனைவி, சின்னப் பையன் எல்லோரும் ஏறினார்கள். வழியனுப்ப யாரும் போகவில்லை. நாங்கள் பிள்ளைகள் மட்டும் போனோம். லாரிக்குப் பின்னால் ‘இழுப்பு ஐயா, இழுப்பு ஐயா’ என்று கத்திக்கொண்டே வளைவுவரை ஓடினோம். எல்லோரையும்விட என் குரல்தான் உரக்கக் கேட்டது.

பள்ளம் பனி விழுகிற இடம், அங்கே மரம் வராது என்று தொரை முடிவுகட்டிவிட்டார். பிறகு வந்தவர்களும் அதை அப்படியே நம்பினார்கள். அங்கே யாரும் எதுவும் நடவில்லை. விளிம்பில் நின்ற சோலை மரங்கள் தங்கள் போக்கில் விதை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி வந்தன. இன்றைக்கு அந்தச் சரிவில் பகலிலும் இருட்டு.

எனக்கு விஷயம் புரிந்தது நாற்பத்து இரண்டாம் வயதில். சோலை மரக் கன்றுகள் வளர்க்கிற ஒரு நாற்றங்காலில் அப்போது வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பையில் சுருண்ட வேரை எப்படி நறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த பெண், நகக்கண் அளவுக்குமேல் எடுத்தால் கன்று செத்துவிடும் என்றாள். கத்தியும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை நான் காட்டிய அளவு நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் நேரே அம்மாவிடம் போனேன். அம்மா பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, பள்ளத்துக் கன்னுகள நீதான கொன்னே?”

அவள் கை நிற்கவில்லை. “நானும் அத்தையும். இத்தன வருசங்கழிச்சுப் போலீசுல சொல்லப் போறியா? பிள்ளைக தண்ணி குடிக்கோணுமல்ல. மாட்டியிருந்தா ஊடு போயிருக்கும். சாமி புண்ணியம், அந்த மனுசன் பெரணி போட மறந்துட்டாரு. பழி பனி மேல போச்சு.”

“அவரு மறக்கலம்மா.”

நடந்ததைச் சொன்னேன். நான் காட்டிக்கொடுத்தது, அவர் மண்டியிட்டு நட்டது, யாரிடமும் சொல்லாதே என்றது, எல்லாவற்றையும். அம்மா பீன்ஸை முறத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். முப்பத்திரண்டு வருஷம் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தது ஒரு மனிதர் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

“தொரை அந்தக் கத்துக் கத்துனப்ப நானுஞ் சிரிச்சேன்டி,” என்றாள். பிறகு அழுதாள்.

விசாரித்ததில் அவர் தேவாலாவிலேயே தங்கிவிட்டார் என்று தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடலூர் போய் பஸ் மாறிப் போனோம். பாக்கு மரங்களுக்கு நடுவில் ஓட்டு வீடு. அவர் தலை முழுக்க நரைத்து, ஸ்வெட்டர் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகன் பக்கத்தில் நின்றார். லாரியில் போன அதே சின்னப் பையன்தான். எந்த எஸ்டேட் என்று சொன்னதும் மகன் சிரித்தார்.

“அப்பா பெரணி போட மறந்த எஸ்டேட்டா? அதுக்குத்தான இங்க தள்ளிவிட்டாங்க. அம்மா சாகற வரைக்கும் அதச் சொல்லியே திட்டுச்சுங்க.”

வீட்டில்கூடச் சொல்லவில்லை பாருங்கள். என் அம்மா எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

“ஐயா, நீங்க எங்க ஊட்டையும் காப்பாத்துனீங்க, தண்ணியையும் காப்பாத்துனீங்க. எனக்கு இப்பத்தானுங்க தெரியும். அன்னைக்கு வந்து ஒரு வார்த்த சொல்லோணும்னுகூடத் தெரியாமப் போச்சுங்க.”

அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

“நான் ஒண்ணும் பண்ணலீங்கம்மா. அந்த வருசம் பனி சாஸ்தி.”

அதற்குமேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை. காபி கொடுத்தார்கள், நேந்திரம் சிப்ஸ் கொடுத்தார்கள், மிளகு விலை பற்றிப் பேசினார்கள். கிளம்பியபோது மகன் பஸ்ஸை நிறுத்த முன்னால் ஓடினார். பெரியவர் தடியை ஊன்றி ரோட்டோரம்வரை கூடவே வந்தார். மகன் காதுக்கு எட்டாத தூரம் போய்விட்டதை உறுதிசெய்துகொண்டு, அம்மா பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“இப்பவும் தண்ணி வருதுங்களா?”

“வருதுங்க ஐயா. இருவது ஊட்டுக்கும் வருதுங்க. போன சித்திரையிலகூட நிக்கல.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அம்மா அந்த ரோட்டோரத்தில் அவரைப் பார்த்துக் கைகூப்பி நின்றாள். பஸ் வந்து நின்று, டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்த பிறகும் அவள் கையை இறக்கவில்லை.